நான் எங்கே சந்தேகப்பட்டேன்?

தையல்கார டீச்சர் என்றுதான் சபையில் எல்லாரும் அவளைச் சொல்வார்கள். வாரத்தில் ஆறு நாள் கடைவீதியில் துணி திருத்தும் தன் சிறு கடையில் மெஷின் மிதிப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துவாள். கல்யாணம் ஆகவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த வகுப்புதான் அவளுக்குப் பிள்ளைகுட்டி எல்லாம். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே அழைப்பாள். தன் வகுப்பில் எந்தப் பிள்ளையும் பயந்து உட்கார்ந்ததில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வருஷம் வகுப்பில் ஒரு பெண்ணின் அம்மா வயிற்றில் கட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஜெபித்தார்கள். "சந்தேகப்படாம கேளுங்க. கர்த்தர் கொடுக்காம இருக்கவே மாட்டார்," என்று டீச்சர் அடித்துச் சொன்னாள். அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

ஐந்தாவது வாரம் அம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு, பாடம் பாதியில் இருக்கும்போது அந்தப் பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நான் எங்க சந்தேகப்பட்டேன்?"

"என்னம்மா?"

"சந்தேகப்படாம கேட்டா கிடைக்கும்னு சொன்னீங்களே. நான் சந்தேகப்படவே இல்லை. ஒரே ஒரு நாள் ஜெபம் பண்ணிட்டு இருக்கும்போதே தூங்கிட்டேன். அதனாலயா?"

மற்ற பிள்ளைகள் எல்லாரும் டீச்சரின் முகத்தையே பார்த்தார்கள். "அதெல்லாம் ஆண்டவர் சித்தம்மா. அப்படியெல்லாம் கேக்கக் கூடாது. உட்காரு," என்றாள். பெண் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. துக்கவீடு, போகப் போகச் சரியாகும் என்று டீச்சர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். மனைவியின் நீலச் சட்டையை மகளுக்கு அளவாகக் குறைத்துத் தர வேண்டுமாம்.

"பாப்பா எப்படி இருக்கா தம்பி?"

அவர் சட்டையின் காலரை நீவிக்கொண்டே நின்றார். "படுக்க மாட்டேங்கறா டீச்சர். கட்டிலுக்குப் பக்கத்துல முட்டி போட்டே கிடக்கா. அவ ஜெபம் பண்ணாம தூங்கிட்டா அப்பா நானும் செத்துப் போயிடுவேனாம்."

டீச்சர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு அவரோடு நடந்தாள்.

சமையலறை மேசையில் பெண் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. டீச்சர் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் சொன்னது தப்பும்மா. அம்மாவுக்கு நோய் முத்திப் போச்சு. நீ தூங்கினதால எதுவும் ஆகலை. குழந்தைன்னா தூங்கத்தான் செய்யும்."

"அப்போ நீங்க சொன்னது எல்லாமே தப்பா?"

"எல்லாம் இல்லை. ஆனா அம்மா ஏன் போனாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். அன்னைக்கு உன் வாயையும் அடைச்சிட்டேன். என்னை மன்னிச்சிடு."

பெண் பென்சிலைப் பார்த்தபடியே, "சரி," என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினாள். டீச்சர் தெருமுனை வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்து, அங்கே ஒரு சுவரோரமாக நின்று அழுதாள்.

அந்த ஞாயிறு வகுப்பில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "இனிமே இந்த ரூமுல எதை வேணும்னாலும் கேக்கலாம். எனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடறேன்." ஒரு வாண்டு எழுந்து, தன் பூனை செத்ததற்குத் தான் பொய் சொன்னதுதான் காரணமா என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. "இல்லடா கண்ணா," என்று அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வீட்டுச் சண்டை, பள்ளிக்கூட அடி, இருட்டுப் பயம். இத்தனை வருஷம் இதையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டுதான் பாட்டுப் பாடினார்களா என்று அவளுக்கு மனசு ஆறவில்லை.

அந்தப் பெண் மட்டும் திரும்பி வரவே இல்லை. இப்போது நன்றாகத் தூங்குகிறாள் என்று அப்பா மட்டும் ஒரு நாள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பல வருஷம் கழித்துக் கூட்டமான பஸ்ஸில் ஓர் இளம்பெண் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். அன்று கையைத் தூக்கிக் கேள்வி கேட்ட அதே பெண்தான். "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்றாள். "இருக்கேம்மா. நீ?" "இருக்கேன்." கோயிலுக்குப் போகிறாயா என்று கேட்க டீச்சருக்கு வாய் வரவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி அந்தப் பெண் இறங்கிப் போனாள்.