அடையாளம் தெரியாத விசை

எங்கள் தொழிற்சாலையில் கூரையை ஒட்டி ஒரு கிரேன் ஓடுகிறது. அதன் கூண்டில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவளை நாங்கள் மாடியக்கா என்று கூப்பிடுவோம். முப்பத்திரண்டு படி ஏறவேண்டும். அடிக்கடி இறங்க முடியாது என்பதால் காலையில் அரை டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வாள். "கீழ இருந்தா வாய், மேல போனாத்தான் வேலை" என்று அவள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். வாய் கொஞ்சம் நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வருடத்தில் ஒரு திருகாணியைக்கூட அவள் கீழே போட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றிய நான்கு பக்க அறிக்கையில் இது ஒரு வரிகூட இல்லை. அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்த பாவி நான்தான்.

அவளிடம் ஒரு கட்டம் போட்ட நோட்டு எப்போதும் இருக்கும். பெரிய பாரம் தூக்குவதற்கு முன் கொக்கி எங்கே, கயிறு எவ்வளவு சாய்கிறது என்று அதில் வரைந்து பார்ப்பாள். "இதென்ன பள்ளிக்கூடமா?" என்று சூப்பர்வைசர் சிரிப்பார். "கயிறு நின்னா பாரம் கொறையும் சார், படுத்தா ஏறும். வரைஞ்சாத்தான் தெரியும்" என்பாள்.

அன்று தூக்க வேண்டியது இரண்டு டன் இரும்பு உத்தரம். இரு முனைகளிலும் வளையம். வழக்கமான நாலு மீட்டர் கம்பிக் கயிறுகள் வேறு கொட்டகைக்குப் போயிருந்தன. சூப்பர்வைசர் பொருளறையில் கையெழுத்துப் போட்டு இரண்டரை மீட்டர் கயிறுகள் இரண்டை வாங்கிவந்தார். கொக்கியிலிருந்து அவை கிட்டத்தட்டப் படுத்தபடி இரு வளையங்களுக்கும் போயின.

மாடியக்கா மேலிருந்து கத்தினாள். "கயிறு ரொம்பக் குட்டை சார்!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! ரெண்டு டன்னு, ரெண்டு கயிறு. ஆளுக்கு ஒரு டன்னு. ஒரு கயிறே மூணு டன் தாங்கும். தூக்கு, இல்லேன்னா எறங்கு. வேற ஆளப் பாத்துக்கறேன்."

தூக்கினாள். ஓராள் உயரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போனில் பேசப் போனார். ஒரு நிமிடம் உத்தரம் அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரு கயிறு அறுந்தது. அடியில் யாரும் இல்லை, பிழைத்தோம். விழுந்த உத்தரம் புது இயந்திரம் ஒன்றை நசுக்கிவிட்டது.

விசாரணை அதிகாரி வந்தார். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் கெட்டிக்காரர். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்த வரி இது: "பாரத்தினால் கயிறு அறுந்திருக்க வாய்ப்பில்லை. ஓட்டுநர் வெடுக்கென இழுத்ததால் உண்டான, அடையாளம் தெரியாத விசையே காரணம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடித்துவிட்டு ஓடிய வண்டியா அது, அடையாளம் தெரியாமல் போக? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சரியாகத்தான் இருக்கிறது. வேலையை விட்டு ஏன் நீக்கக்கூடாது என்று அவளிடம் கேட்டிருந்தார்கள். கூண்டை விட்டால் அந்த வீட்டில் அடுப்பெரியாது.

பதில் சொல்லும் நாளில் நோட்டோடு வந்தாள். சூப்பர்வைசரும் அதிகாரியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே மேசையில் நோட்டை விரித்தாள்.

"தூக்கினது என் தப்புதான் சார். வெடுக்குன்னு இழுத்தேங்கறது பொய். உத்தரம் ஒரு நிமிஷம் அசையாம நின்னுச்சுன்னு உங்க அறிக்கை ரெண்டாம் பக்கத்துல சூப்பர்வைசர் சாரே சொல்லியிருக்காரு. அசையாம நின்னா மேல இழுக்கறதும் கீழ இழுக்கறதும் சமம். நடுவுல உங்க விசை எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

அதிகாரி பக்கத்தைத் தேடினார். அவருக்கே அது புதிய செய்தி.

"இப்ப இதப் பாருங்க. ஒரு கட்டம்னா பத்து சென்டிமீட்டர். கொக்கி உத்தரத்துக்கு மேல ஏழு கட்டம். அங்கேர்ந்து வளையம் பக்கவாட்டுல இருபத்திநாலு. சாஞ்ச கயிறு இருபத்தஞ்சு. ஆளுக்கு ஒரு டன்னுங்கறது சரி சார், ஆனா அது மேல தூக்கற பங்கு மட்டும்தான். ஏழு கட்டம் ஒரு டன்னுன்னா இருபத்தஞ்சு கட்டம் எவ்ளோ?"

நான் கணக்குப் போட்டேன். "மூன்றரை டன்னுக்கும் மேல" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அதுவும் ஏழு வருஷத்துக் கயித்துல! நாலு மீட்டர் கயிறா இருந்தா ஒண்ணேகால் டன்தான் சார் வந்திருக்கும்."

சூப்பர்வைசர் சிரித்தார். "காகிதத்துல என்ன வேணா வரையலாம்."

"காகிதம் வேணாம். உங்க போட்டோவப் பாருங்க. வளையம் ரெண்டும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு உள்பக்கமா வளைஞ்சிருக்கு. வெடுக்குன்னு இழுத்தா ஏன் சார் பக்கவாட்டுல வளையணும்? இருபத்திநாலு கட்டம் பக்கவாட்டுல இழுத்திருக்கு. நீங்க தேடற ஆளு அதான். இதான் அங்க அடையாளம். கூடம் நெசமாவே கோணல் சார்!"

அதிகாரி போட்டோவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோப்பிலிருந்த அந்தப் படத்தை நானே எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! கண் இருந்தும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அவளுடைய வேலை தப்பியது. மன்னிப்பு என்று ஒரு சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. மறுநாள் அதிகாரி திருத்திய அறிக்கையைச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் சூப்பர்வைசர் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"கயிறு குட்டையாக இருந்ததே காரணம்" என்றார் அதிகாரி. அடித்தேன். "குட்டைக் கயிற்றை எடுத்துக் கொடுத்த நபர் அடையாளம் தெரியவில்லை."

விசை பிடிபட்டதும் ஆள் தலைமறைவாகிவிட்டார்! அதுவும் எனக்கு நாலடி தூரத்தில், தேநீரை உறிஞ்சிக்கொண்டு. பொருளறைப் பதிவேடு என் அலமாரியில்தான் இருக்கிறது.

நான் அடித்தேன்: "குட்டைக் கயிற்றை எடுத்துக் கொடுத்தவர் சூப்பர்வைசர். ஆதாரம், பொருளறைப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து."

மூன்று பிரதி எடுத்து நீட்டினேன். அதிகாரி வழக்கம்போல் படிக்காமல் மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகத்துக்கான உறையை நானே ஒட்டினேன்.