சம்பந்திப் பள்ளத்தின் ஏழாவது பிறந்தநாள்

எங்கள் மாமாவுக்கு வீட்டில் ஒரு பெயர், டெப்போவில் ஒரு நம்பர், ரோட்டில் ‘பாம்பு’. மூன்றாவதுதான் நிலைத்தது. டெப்போவிலிருந்து சந்தைவரை பதினெட்டு கிலோமீட்டர். அந்தச் சாலையில் அவர் அரசுப் பேருந்தை நேராக ஓட்டி யாரும் பார்த்ததில்லை. இடது, வலது, கொஞ்சம் இடது, ரொம்ப வலது என்று வண்டி நெளிந்து நெளிந்து போகும். புதிதாகப் பின்னால் வருகிற பைக்குக்காரன் முதலில் மாமாவின் வம்சத்தையே திட்டுவான். இரண்டு பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் தடத்திலேயே வருவான்.

பத்தொன்பது வருஷ சர்வீஸ். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அப்படிப்பட்டவரிடம், விசாரணை முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். விசாரணை அவருக்கு எதிராகப் போனால் ஆயுசுக்கும் தொடக் கூடாது. இது எப்படி ஆனது என்பதை நான்தான் எழுத வேண்டும். இதில் என் கைங்கரியம் கொஞ்சம் உண்டு.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. “பஸ்ஸைக் கட்டிக்கிட்டான். அது இவனை விட்டு ஓடவும் மாட்டேங்குது, ஒழுங்கா ஓடவும் மாட்டேங்குது” என்பாள் அம்மா. எங்கள் முன்னறையில் அவருக்கு ஒரு கட்டில், சுவரில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு காக்கிச் சட்டை. அவ்வளவுதான் அவர் சொத்து. இன்னொன்று உண்டு, ஒரு எவர்சில்வர் டம்ளர். முதல் டிரிப் கிளம்பும்போது அதில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி இன்ஜின் மூடிமேல் வைப்பார். சந்தை வந்ததும் விரலால் மூடியைத் தடவிப் பார்ப்பார். நனையாமல் இருந்தால் டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடிப்பார். நனைந்திருந்தால் திரும்புகிற டிரிப் முழுக்கத் தண்ணீர் கிடையாது என்று தண்டனை, தனக்குத்தானே.

“ஏன் மாமா இந்தக் கூத்து?” என்று கேட்டேன் ஒருமுறை.

“பின்னாடி கர்ப்பமா இருக்கிற பொண்ணு உக்காந்திருக்கும். முதுகு உடைஞ்ச பெருசு உக்காந்திருக்கும். அவங்க வந்து என்கிட்ட சொல்ல மாட்டாங்க. டம்ளர் சொல்லிடும்.”

டம்ளர் நனையாமல் ஓட்ட வேண்டுமென்றால் பள்ளங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மாமா செய்திருந்தார். மொத்தம் நாற்பத்து மூன்று. எல்லாவற்றுக்கும் பெயர் வேறு. ‘வாடகை வீடு’ என்று ஒன்று, அதில் தவளைகள் குடியிருக்கும், வெயில் வந்தால் காலி செய்துவிடும். ‘மாமியார்’ என்று ஒன்று, எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் ஒரு குத்து நிச்சயம். எல்லாவற்றிலும் பெரியது சிறுபாலத்துக்கு முன்னால் இடதுபுறம் இருந்த ‘சம்பந்தி’. சம்பந்தி வந்தால் நாம்தான் எழுந்து இடம்விட வேண்டும். பேருந்து தன் பாதையை விட்டுவிட்டு முழுசாக வலது பக்கம் ஏறிப் போகும். எதிரே வருகிறவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்வார்கள். லாரியோ சைக்கிளோ, யாரும் சொல்லிக்கொடுக்காமலே நிற்பார்கள். மாமா கையைத் தூக்குவார், அவர்கள் தலையை ஆட்டுவார்கள். ஏழு வருஷமாக அந்த இடத்தில் அதுதான் சட்டம்.

மாமா சும்மா இருந்தார் என்று நினைக்க வேண்டாம். தினமும் வண்டியை விட்ட பிறகு டெப்போ குறைப் புத்தகத்தில் சம்பந்தியைப் பற்றி எழுதுவார். புத்தகம் நிரம்பும், வேறு புத்தகம் வரும். தேர்தல் வந்தால் மட்டும் சாலைத்துறைக்காரர்கள் ஓரத்தில் வெள்ளைக்கோடு போடுவார்கள். அந்தக் கோடு சம்பந்திக்குள் இறங்கி, அடியில் நடந்து, மறுபக்கம் ஏறிப் போகும். கோடு போட்டவருக்குக் கோடுதான் வேலை, குழி வேறொருவர் வேலை.

நான் வேலை பார்ப்பது ஜெராக்ஸ் கடையில். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. கடையில் பாதி வேலை பிறந்தநாள் போஸ்டர்தான். தலைவருக்கு, தலைவர் மகனுக்கு, மகனின் நண்பனுக்கு. ஒரு நாள் எனக்குத் தோன்றியது, ஏழு வருஷமாக மக்களோடு இருக்கிற சம்பந்திக்கு மட்டும் ஏன் ஒருவரும் போஸ்டர் அடிக்கவில்லை?

அடித்தேன். நடுவில் பெரிதாகச் சம்பந்தியின் படம், நானே பாலத்தில் ஏறி நின்று போனில் எடுத்தது. அதில் மாமாவின் பேருந்து வலது பக்கம் ஒடிந்து போகிறது, நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது. எதிரே எங்கள் தெருத் தையல்காரர் மொபெட்டை நிறுத்திக் காலூன்றிக் காத்திருக்கிறார். கீழே வாசகம்: ‘ஏழாவது பிறந்தநாள் காணும் எங்கள் பள்ளமே! வாழ்த்த வயதில்லை, விழுந்து வணங்குகிறோம். இவண், உன்னில் விழுந்தோர் சங்கம்.’ மூலையில் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் கைகூப்பிச் சிரிக்கிற படம். அது இல்லாமல் போஸ்டர் போஸ்டர் மாதிரியே இல்லை. பட்டப்பகலில் பசை வாளியோடு போய்ப் பாலத்துச் சுவரில் ஒட்டினேன். பசை வாளி வைத்திருப்பவரை இந்த ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

போஸ்டரின் படம் போன் விட்டுப் போன் தாவியது. மூன்றாம் நாள், மாமாவின் வார விடுமுறையன்று, ஒரு லாரி ஜல்லியோடு நான்கு ஆட்கள் வந்தார்கள். சம்பந்தியை மட்டும் மூடி, மேலே தார் மெழுகி, போஸ்டரைக் கிழித்துப்போட்டு, உறுப்பினரின் ஆட்கள் மூடிய பள்ளத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மற்ற நாற்பத்திரண்டும் அப்படியே.

சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமா கட்டிலில் படுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி. நான் சொல்லவில்லை. காலையில் அவரே பார்க்கட்டும், அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

மறுநாள் முதல் டிரிப்பில் டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

“என்னடி வாலு, சூரியன் வர்றதுக்கு முன்னாடி?” என்றார் மாமா.

“சும்மாதான்.”

“நீ சும்மா இருந்தா எங்கயோ ஏதோ நடக்கப்போகுதுன்னு அர்த்தம்.”

லேசான தூறல். சாலை முழுக்க ஒரே கறுப்பாக மின்னியது, தண்ணீர் எது, தார் எது என்று தெரியவில்லை. பாலம் வந்தது. நான் சாலையைப் பார்க்கவில்லை, மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அவர் கை திரும்பியதைப் பார்த்தேன். அவர் திருப்பவில்லை, கை தானாகத் திரும்பியது. இத்தனை வருஷமாகப் போன பக்கத்துக்குப் போனது.

எதிரே தையல்காரர். பள்ளம் மூடிவிட்டதை முந்தின நாளே பார்த்தவர். இனி எதற்கு நிற்க வேண்டும் என்று நேராக வந்துவிட்டார்.

மாமா இடதுபக்கம் ஒடித்தார். மொபெட்டின் பின்பக்கம் தட்டியது, பேருந்தின் மூக்கு பாலத்துச் சுவரில் போய் நின்றது. டம்ளர் என் காலடியில் உருண்டது. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான். தையல்காரருக்கு வலது கால் முறிந்தது. மிஷினை மிதிக்கிற கால்.

மாமா அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்திருந்தார். “இங்க பள்ளம் இருந்துச்சே, இங்க பள்ளம் இருந்துச்சே” என்று தரையைத் தடவினார். தையல்காரர் அந்த வலியிலும், “இருந்துச்சுய்யா... நேத்து மூடிட்டாங்க. நான் நின்னிருக்கணும், பழக்கத்த விட்டுட்டேன்” என்றார்.

விசாரணை மூன்று வாரம் கழித்து டெப்போ மாடியில் நடந்தது. அம்மாவும் நானும் வெளியே பெஞ்சில். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, எதிரே மாமா, பக்கத்தில் கண்டக்டர். அவருக்கு ‘ரைட்டு’ என்று பெயர், வீட்டில் சோறு போதும் என்பதற்குக்கூட ‘ரைட் ரைட்’ என்பவர்.

“ரோடு சமமா இருந்த இடத்துல எதுக்கு வலது பக்கம் திருப்புனீங்க?”

“பள்ளம் சார்.”

“அன்னிக்கு அங்க பள்ளம் இருந்துச்சா?”

“இல்ல சார். அதுக்கு முன்னாடி ஏழு வருஷம் இருந்துச்சு.”

“இல்லாத பள்ளத்துக்கு ஒதுங்குனேன்னு நான் எழுதணுமா? என்னைப் பைத்தியம்னு சொல்வாங்க.”

“குறைப் புத்தகத்துல தினமும் எழுதியிருக்கேன் சார்.”

“பழைய புத்தகமெல்லாம் கழிச்சுப் போட்டாச்சு.” அதிகாரி ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். சாலைத்துறையிலிருந்து வந்தது. அந்தச் சாலை நான்கு வருஷத்துக்கு முன்பே முழுசாகப் புதுப்பிக்கப்பட்டதாம். பதிவேட்டின்படி அதில் எந்தக் காலத்திலும் பள்ளம் கிடையாதாம்.

“அப்ப போன மாசம் எதைச் சார் மூடுனாங்க?” என்றார் ரைட்டு.

“உங்களைக் கேட்டேனா?”

“ரைட்டு சார்.”

அதிகாரி கெட்டவர் மாதிரி தெரியவில்லை. குரலைத் தாழ்த்தி, “ஸ்டியரிங்ல கோளாறுன்னு எழுதிக் குடுங்க. உங்களை விட்டுடலாம்” என்றார்.

“அப்ப அன்னிக்கு வண்டிய செக் பண்ணி விட்ட மெக்கானிக் கதி?” என்று கேட்டார் மாமா.

அதிகாரி கடிதத்தை மடித்தார்.

“ஸ்டியரிங் நல்லாத்தான் சார் இருந்துச்சு” என்றார் மாமா.

எனக்கு அதற்குமேல் பெஞ்சில் உட்கார முடியவில்லை. என்னிடம் இன்னொரு போஸ்டர் இருந்தது, சுருட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தேன். அம்மா, “எங்கடி போற?” என்று தாவணியைப் பிடித்து இழுத்தாள். நான் உள்ளே போய் மேஜைமேல் விரித்தேன்.

“சார், இதான் பள்ளம். இது மாமா வண்டி, நம்பரப் பாருங்க. இது அடிபட்ட தையல்காரர், நின்னு வழி விடுறார் பாருங்க. இத ஒட்டுனதாலதான் வந்து மூடுனாங்க. ஒட்டுனது நான்.”

அதிகாரி குனிந்து பார்த்தார். ‘விழுந்து வணங்குகிறோம்’ என்ற இடத்தில் அவர் உதடு கொஞ்சம் கோணியது. மாமா போஸ்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டேன்.

“படம் தெளிவாத்தான் இருக்கு” என்றார் அதிகாரி. பிறகு அவர் விரல் மூலைக்குப் போனது. கைகூப்பிச் சிரிக்கிற உறுப்பினர். “ஆனா இதை நான் ஃபைல்ல வைக்க முடியாதும்மா. இதுல இவர் இருக்கார்.”

“அதை வெட்டிடலாம் சார். கத்திரி இருக்கா?”

“வெட்டினா ஆதாரத்தைத் திருத்துனதா ஆகும்.” மெதுவாகச் சுருட்டி என் கையிலேயே கொடுத்துவிட்டார். “கேமராவுல எடுத்த ஒரிஜினல் படம் இருக்கா?”

போஸ்டர் யார் அடித்தது என்று உறுப்பினரின் ஆட்கள் கடைகடையாக விசாரித்தபோது, பயந்துபோய் போனிலும் கடைக் கம்ப்யூட்டரிலும் இருந்த எல்லாவற்றையும் அழித்திருந்தேன். முதல் வேலையாக அதைத்தான் செய்திருந்தேன்.

முடிவு பத்து நாளில் வந்தது. வேலை உண்டு, வண்டி கிடையாது. டெப்போ வாசலில் எந்த வண்டி எப்போது வந்தது, போனது என்று குறிக்கிற வேலை. மாமா கடிதத்தை மடித்து காக்கிச் சட்டைப் பையில் வைத்து, சட்டையை ஆணியில் மாட்டினார். பிறகு என் போஸ்டரை வாங்கி நிதானமாக விரித்துப் பார்த்தார். அம்மாதான் என்னைத் திட்டித் தீர்த்தாள். மாமா நடுவில் வந்து, “விடுக்கா. போட்டோ நல்லா எடுத்திருக்கா. நான் ஓட்டுறத நான் பார்த்ததே இல்லையே” என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை தையல்காரரைப் பார்க்க மாமாவும் நானும் பேருந்தில் போனோம். கால் கட்டோடு தன் அக்கா வீட்டில் சந்தைப் பக்கம் இருக்கிறார். மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தோம். புது டிரைவர், வண்டியை நேராக ஓட்டுகிறவர். பின்சீட்டில் ஒரு குழந்தை அழுதுகொண்டே வந்தது. இரண்டு மழையிலேயே சம்பந்தி ஜல்லியைத் துப்பிவிட்டது, பழைய இடத்தில் பழைய ஆழத்தில் வாயைத் திறந்து கிடக்கிறது. பாலம் நெருங்கியது. மாமா வாயைத் திறந்தார். டிரைவர் தலைக்குமேல் எழுதியிருந்தது: ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’. அதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். முன்கம்பியைப் பிடித்திருந்த அவருடைய இரண்டு கையும் வலதுபக்கம் திரும்பின. வண்டி நேராகப் போய் இறங்கியது. எல்லோரும் ஓரடி எழும்பி உட்கார்ந்தார்கள். யாரோ ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

“ஏன் மாமா சொல்லல?” என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “நீ அன்னிக்குச் சொன்னியா?” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.  கொஞ்ச தூரம் போனதும் முழங்கையால் என்னை இடித்தார்.

“அடுத்தது மாமியார். வளைவு தாண்டுனதும். இடது பக்கம் ஒடிச்சா ஒரு குத்தோட போயிடும், நேரா போனா பின்சீட்டுக் குழந்தை கீழ விழும். எனக்கு அங்க பேச உரிமை இல்ல. உனக்குத்தான் வாய் இருக்கே.”

எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“அண்ணே, வளைவு தாண்டி இடது பக்கம் ஒடிங்க.”

“மேல போர்டு தெரியலையா?” என்று எரிந்து விழுந்தார் அவர்.

“எனக்குப் படிப்பு வராதுண்ணே” என்றேன். “இடது பக்கம். இப்ப!”