ஏலப் பாட்டில் ஏலக்காரியின் குரல் இல்லை

எங்கள் ராக் பேண்டின் இரண்டாவது ஆல்பத்தில் வரும் மீன் ஏலப் பாட்டிலிருந்து ஜெனிட்டாவின் குரலை எடுத்துவிட்டு, வேறு யாரையோ பாட வைத்திருக்கிறார்கள்.

இன்று காலை கட்டுமாவடி ஏலக் கொட்டகையில், மீன் வாங்க வந்த அத்தனை பேரோடும் நின்று கேட்டேன்.

நான் இலுப்பூர்க்காரி. ‘ஐஸ் பெட்டி’ பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். (“நாலு கம்பிதானே இருக்கு, மிச்சம் ரெண்டு அறுந்துருச்சா?” என்று கேட்பவர்கள் அப்படியே நகர்ந்துவிடவும்!)

ஜெனிட்டா அந்தக் கொட்டகையில் மீன் ஏலம் கூறுகிறவள். அவள் கூறுவதைக் கேட்டுத்தான் அந்தப் பாட்டையே கட்டினோம்.

அங்கே ஒரு வழக்கம். கூறுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால், சொன்ன விலையோடு ஏலம் முடிந்தது. அதனால் பாட்டின் நடுப்பகுதி முழுவதையும் ஜெனிட்டா ஒரே மூச்சில் பாடினாள்.

திருச்சி ஸ்டுடியோவில் சவுண்ட் இன்ஜினியர் எழுந்து நின்று கைதட்டினார். (வாசித்த எங்களுக்கு யாரும் தட்டவில்லை.)

மிக்ஸிங்குக்குச் சென்னை போனவன் எங்கள் லீடர் விக்னேஷ் மட்டும்.

இன்று ஆல்பம் வெளிவந்தது. கல்யாண வீடுகளில் கட்டும் பெரிய ஸ்பீக்கரை ஜெனிட்டாவின் அண்ணன் கொண்டுவந்து கொட்டகையில் கட்டிவிட்டார்.

“ஒருவாட்டி போன்ல கேட்டுட்டுப் போடுவமா?” என்றேன்.

“வேணாங்க்கா, எல்லாரோடயும் சேந்தே கேக்குறேன்” என்றாள்.

பாட்டு தொடங்கியது. நடுவில், பாடியவள் மூச்சு வாங்கினாள்.

“அந்தா நிறுத்திட்டா! வெல முடிஞ்சுச்சு, கூடையத் தூக்கு!” என்றார் மீன் வியாபாரி மலர் அக்கா. கொட்டகையே சிரித்தது.

அப்புறம் அவரே கேட்டார்: “ஏண்டி ஜெனிட்டா, இது ஓங் கொரலே இல்லையே. யாருடி இவ?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“ஸ்பீக்கர அமத்துண்ணே” என்றாள் ஜெனிட்டா.

அங்கேயே நின்று விக்னேஷுக்குப் போன் போட்டேன்.

“ஏண்டா, ஜெனிட்டா வாய்ஸ் எங்க?”

“கோவப்படாத. அவ வாய்ஸ் கொஞ்சம் ராவா இருக்குன்னு ப்ரொட்யூசர் ஃபீல் பண்ணாரு.”

“ராவான்னா?”

“மீன் ஏலம் விடுற மாதிரி இருக்காம்.”

“அது மீன் ஏலப் பாட்டுடா!”

“ஸ்பெஷல் தேங்க்ஸ்ல அவ பேரு போட்டுருக்கோம்ல?”

ஆல்பத்தின் போஸ்டரில் அதே கொட்டகையின் படம். கீழே ‘கரையோர மக்களின் குரல்’ என்று கொட்டை எழுத்து. கொட்டகை வேண்டும், மீன் வேண்டும், ஏலம் வேண்டும். ஏலம் கூறுகிற பெண் வாயைத் திறந்தால் மட்டும் இவர்கள் காது கூசுகிறது!

தரையில் உட்கார்ந்துவிட்ட ஜெனிட்டா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: “நல்லா இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாம்லக்கா? நா ஊரக் கூப்ட்டு நிப்பாட்டிருக்க மாட்டேன்ல?”



அடுத்த கூடைகள் வந்து இறங்கின. அவள் எழுந்திருக்கவில்லை. இன்று ஏலத்தை அவள் அண்ணன்தான் கூறினார்.

விக்னேஷ், அவள் பாடியது உன் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்து, அவள் பெயரோடு, இன்றைக்கே அப்லோட் செய். அதுவரை நான் எந்த மேடையிலும் உன்னோடு ஏற மாட்டேன்.

இதைத்தான் காலையில் மெசேஜாக அனுப்பினேன். பார்த்துவிட்டாய். ஒரு எழுத்துகூட வரவில்லை.

இப்போது எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். ஜெனிட்டா பாடியதை எப்போது வெளியிடப் போகிறாய்?