கரண்டியில் வந்த கங்கு

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் தீப்பிடித்தது. பெரிய தீ இல்லை. ஏழெட்டுக் குடம் தண்ணீரில் அடங்கிவிட்டது.

ஆனால் தர்ஷினியைக் காணவில்லை.

தர்ஷினி என் அண்ணன் மகள். ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. அதுவும் நான் பாடம் நடத்தும் வகுப்பு. கொஞ்சம் முன்னால்தான் வாசலில் நின்றிருந்தாள்.

"ஏய் தர்ஷினி! எங்கடி கீற? இப்ப வர்றியா இல்லியா? தோல உரிச்சிட்றேன் பாரு!" என்று அண்ணி கத்திக்கொண்டே வீட்டைச் சுற்றி ஓடினாள். அண்ணன் கிணற்றுப் பக்கம் ஓடினான். பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா ஓடை வரை போய்ப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

பதிலே இல்லை.

நான் சமையற்கட்டுக்குள் நுழைந்தேன். தீ அணைந்திருந்தாலும் உள்ளே புகை மண்டிக் கிடந்தது. கண் எரிந்தது. ஏனோ எனக்குக் கத்தத் தோன்றவில்லை. "தர்ஷிக்குட்டி... அத்ததான் வந்துருக்கேன். வேற யாரும் இல்ல" என்றேன்.

சாமை மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது.

கவுனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். வாரித் தூக்கி வெளியே கொண்டு வந்து, காற்றாட உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மூச்சு சீரானதும் கேட்டேன்: "அம்மா கூப்ட்டது கேக்கலயாடா?"

"கேட்டுச்சி."

"அப்புறம் ஏன் வரல?"

"அம்மா தோல உரிக்கும்னு சொல்லுச்சே..."

கூரை முழுக்கப் பிடித்திருந்தால்? அந்த இருமல் எனக்குக் கேட்காமல் போயிருந்தால்? வேண்டாம். அதை எழுதக் கை வரவில்லை.

தீ எப்படி வந்தது என்பதை மலைக்குக் கீழே இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டும். மலைக்காரர்களுக்குத் தலைப்பைப் பார்த்ததுமே புரிந்திருக்கும்.

எங்கள் மலை ஊரான நெல்லிவாசல்நாட்டில் எங்கள் வீடு காங்கிரீட் வீடு. அதை ஒட்டினாற்போல் புல்கூரை போட்ட சமையற்கட்டு. கேஸ் அடுப்பும் இருக்கிறது. ஆனால் அடுத்த சிலிண்டர் ஜீப்பில் ஏறி வந்து சேரும் வரை அது டப்பா அடுக்குகிற மேஜைதான்! அதுவரை விறகடுப்பு. அதைப் பற்றவைக்க யாரும் தீப்பெட்டி தேடுவதில்லை. பனியில் அது நமுத்துக் கிடக்கும். எந்த வீட்டு அடுப்பு முதலில் புகைகிறதோ, அங்கே போய் இரண்டு கங்கு வாங்கி வருவோம்.

வாங்கி வருவோம் என்று கௌரவமாகச் சொல்கிறேன். போவது யார்? சின்னப் பிள்ளைகள்! பழைய இரும்புக் கரண்டியைக் கையில் கொடுத்து, "ஓடு, ஆறிப் போறதுக்குள்ள வந்துடு" என்று அனுப்புவோம். நானும் அந்த வயதில் ஓடியவள்தான்.

அன்றைக்கு தர்ஷினி லட்சுமி அக்கா வீட்டிலிருந்து இரண்டு கங்கு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சமையற்கட்டின் சுவரோரம் கதிர் அடித்து மிஞ்சிய காய்ந்த சாமைத் தாள் குவித்து வைத்திருந்தோம். அதைத் தாண்டும்போது ஒரு கங்கு விழுந்துவிட்டது. மிச்சம் இருந்த ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாயே திறக்காமல் வாசலில் போய் நின்றுகொண்டாள். சொன்னால் அடி விழுமே! தாள் புகைந்து, பிடித்து, கூரை ஓரம் ஏறி, நாங்கள் தண்ணீருக்கு ஓடிய நேரத்தில் பயந்துபோய் ஒளிந்துகொண்டாள். எங்கே? கண்ணாமூச்சி விளையாடும்போது வழக்கமாக ஒளிகிற அதே இடத்தில்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். போளூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். இன்று சொந்த மலையிலேயே டீச்சர். இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்த நிமிர்வோடுதான், தீப்பிடிப்பதற்கு நாலு நாள் முன்னால் வகுப்பில் தீப் பாதுகாப்புப் பாடம் நடத்தினேன். கலர் கலராகச் சார்ட். "தீயைத் தொட மாட்டோம்!" என்று கோரஸ். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில்கூடப் போட்டேன்.

அந்த வீடியோவில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவது தர்ஷினிதான்.

தொடாதே என்று பள்ளியில் சொல்கிறோம். வாங்கி வா என்று வீட்டில் அனுப்புகிறோம். கை தவறி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாருமே சொல்லித் தரவில்லை... டீச்சரம்மாவும் சேர்த்துத்தான்.

தீப்பிடித்த மறுநாள் வகுப்பில் சார்ட்டைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, வேறு மாதிரி கேட்டேன். "வூட்ல தீப்பிடிச்சா எங்க ஒளிஞ்சுக்குவீங்க?"

அடடா, என்ன உற்சாகம்!

"கட்டிலுக்கு அடியில டீச்சர்!"

"பீரோ பின்னாடி!"

"நான் கோழிக் கூண்டுல பூந்துக்குவேன் டீச்சர்!"

ஒருத்தர்கூட வெளியே ஓடுவேன் என்று சொல்லவில்லை.

அன்று முதல் தினமும் பத்து நிமிடம் பழக்கினோம். நான் விசில் அடித்தால் புகை வந்துவிட்டது என்று அர்த்தம். ஒளியக் கூடாது. எதையும் எடுக்க நிற்கக் கூடாது. குனிந்தபடி வெளியே ஓட வேண்டும். வீட்டை விட்டுத் தள்ளி, அவரவர் முன்கூட்டியே முடிவு செய்த இடத்தில் நின்று கத்த வேண்டும். பெரியவர்கள் சொல்லும் வரை திரும்ப உள்ளே போகவே கூடாது.

"ஆட்டுக்குட்டிய தூக்கினு ஓடலாமா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கூடாது. நீ மட்டும்தான்."

"அது செத்துப்பூடுமே?"

"நீ வெளிய வந்து கத்து. பெரியவங்க பாத்துக்குவாங்க."

அரை மனதோடு தலையாட்டினாள்.

பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். கஷ்டம் அம்மாக்களிடம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கு வரச் சொல்லி இரண்டே விஷயம் கேட்டேன். கங்கு வாங்கப் பெரியவர்களே போக வேண்டும். தீப்பிடித்த அன்று பிள்ளையைத் திட்டவோ அடிக்கவோ கூடாது. அதைப் பிள்ளைகளிடம் இன்றே சொல்லி வைக்க வேண்டும்.

லட்சுமி அக்கா எழுந்துவிட்டாள். "நல்லாக்கீது டீச்சர்! திட்டாம வுட்டா நாளைக்கு வூட்டயே கொளுத்திட்டு வந்து நிக்கும். நீங்க வந்து கூரை போட்டுத் தருவீங்களா?"

ஒரே சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

கடைசி வரிசையிலிருந்து அண்ணி பேசினாள். "யக்கா, அன்னிக்கி எம்புள்ள நான் கூப்ட்டா வரல. இவ கூப்ட்டாதான் இருமுச்சி. பெத்தவ நான் நிக்கிறேன்... எங்கிட்ட வரப் பயந்துனு பொகையிலயே கெடந்துச்சி. இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

லட்சுமி அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். "செரி... எம்புள்ளைங்ககிட்டயும் சொல்லி வெக்கிறேன்" என்றாள். பிறகு ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். சார்ட்டை வைத்து நான் சாதிக்காததை அண்ணி நாலே வாக்கியத்தில் சாதித்துவிட்டாள். அவள் படிக்கப் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள்.

ஆனாலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. கூட்டத்தில் தலையாட்டுவது சுலபம். நிஜமாகவே இன்னொரு முறை புகை வந்தால் தர்ஷினி வெளியே வருவாளா, இல்லை மறுபடியும் மூட்டைக்குப் பின்னால் போவாளா?

போன சனிக்கிழமை பதில் கிடைத்தது.

நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். "தீ! தீ! எல்லாரும் வாங்க!" என்று வெளியே அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால், களத்து மேட்டில், அவள் முடிவு செய்து வைத்திருந்த அதே இடத்தில், தர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். சமையற்கட்டிலிருந்து புகை வந்தது. கதவு உள்பக்கம் சாத்தியிருந்தது.

உள்ளே இருந்தது அண்ணி! பாத்திரம் இறக்கும் துணியில் தீப்பிடித்திருக்கிறது. ஊரே பார்த்துச் சிரிக்குமே என்று கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அணைக்கப் பார்த்திருக்கிறாள். அண்ணன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அதற்குள் தர்ஷினி, நின்ற இடத்தை விட்டு ஒரு அடிகூட நகராமல், தொண்டை கிழியக் கத்தினாள்:

"யம்மா, ஒளிஞ்சிக்காத! வெளிய வா! உன்ன யாரும் திட்ட மாட்டாங்க!"

கதவு திறந்தது. மூஞ்சியெல்லாம் கரியோடு, இருமிக்கொண்டே, அண்ணி நேராக மகளிடம் போய் நின்றாள்.