ரோஹிணியின் எடைக்கு ஒரு ஸ்பிரிங்

கல்கத்தாவில் காளிகாட் மெட்ரோவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கட்டடத்தில் ரோஹிணியைத் தெரியாதவர்கள் கிடையாது. கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. எந்தப் பெட்டியை எந்த கிரேன் தூக்க வேண்டும், கப்பலில் அது எங்கே உட்கார வேண்டும் என்று திட்டம் போடுவது அவள் பொறுப்பு. வயது நாற்பத்திரண்டு. கல்லூரி நாட்களிலிருந்தே பருமனான உடம்பு. ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தால் கையைக் காட்டாமல் விட்டுவிடுவாள். உள்ளே இருப்பவர்கள் நகர்ந்துகொள்ளும் விதம் அவளுக்குப் பிடிக்காது. நடந்தே போய்விடுவாள்.

போன குளிர்காலத்தில் ஆபீஸ்காரர்களோடு புருலியா போனபோதுதான் இந்த பைக் ஆசை ஆரம்பித்தது. காலையில் தனியாக நடக்கப் போனவள், வறண்ட ஆற்று மணலில் நாலைந்து பெண்கள் டர்ட் பைக்கில் கரையேறி வருவதைப் பார்த்தாள். மண், கல், பள்ளம் எதிலும் போகிற, உயரமான, ஒல்லியான வண்டிகள். முன்னால் வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. பெயர் ஷர்பாணி. ரோஹிணி பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்து, ஓட்ட ஆசையா என்று கேட்டார். ஆமாம் என்று தன் வாயிலிருந்து வந்தது தனக்கே ஆச்சரியமாக இருந்தது என்று ரோஹிணி பிறகு சொன்னாள். அவர் நம்பரைக் கொடுத்து, ஊருக்குப் போய்ப் பக்கத்தில் எங்காவது கற்றுக்கொள்ளச் சொன்னார்.

கல்கத்தா திரும்பியதும் பாராசாத் பக்கம் ஒரு பயிற்சி மைதானத்தைத் தேடிப் பிடித்தாள். சொல்லிக்கொடுத்தவர் பொறுமையானவர். புதிதாகக் கற்கிறவர்களுக்குச் சின்ன வண்டிதான் நல்லது என்று, பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுகிற அளவில் ஒன்றைக் கொடுத்தார். திரும்பும்போதெல்லாம் ரோஹிணியின் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. சக்கரம் மண்ணில் புதைந்ததும் என்ஜின் திணறி நின்றது. ஒரு சின்ன மேட்டைத் தாண்டி இறங்கியபோது பின்பக்கம் முழுக்க அமுங்கி, இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் அவள் தரையில் கிடந்தாள். தூக்கிவிட வந்தவர்களில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அடக்காமல் சிரித்திருந்தாலே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அவளுடைய தம்பி ஜெய்ராம் சாந்த்ராகாச்சியில் ரயில்வே ஊழியன். கேள்விப்பட்டதும், கனமான ஆளுக்குப் பெரிய என்ஜின்தான் வேண்டும், இதுகூடத் தெரியாமல் என்ன பயிற்சி என்று கோபித்துக்கொண்டான். பந்தயம் ஓட்டுகிற ஒரு சிநேகிதனிடம் நானூற்றைம்பது சிசி வண்டியை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினான். ரோஹிணி ஆக்ஸிலரேட்டரைத் துளி திருகினாள். முன் சக்கரம் எழும்பியது; வண்டி அவளை விட்டுவிட்டுத் தனியாகப் போய் வேலியில் சாய்ந்தது. மணிக்கட்டு பிசகிக் கட்டுப்போட வேண்டியதாயிற்று. ஜெய்ராம்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

அதோடு விட்டுவிடுவதாக இருந்தாள். கணவர் மஹாதேவன் வங்கி அதிகாரி. அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு அவளுக்குத் தட்டில் சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "பிடிக்கலேன்னா விட்டுடு. ஆனா உன் உடம்புக்கு இது ஆகாதுன்னு முடிவு பண்ணிட்டு விடாதே. அது இன்னும் தெரியலே."

கட்டுப் பிரித்த பிறகு, சொல்லாமல் நின்றுவிடக்கூடாதே என்ற மரியாதைக்காக ஷர்பாணிக்குப் போன் செய்தாள். தனக்கு இது சரிப்படாது என்று வங்க மொழியில் ஆரம்பித்தாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "உன் எடை என்ன?" என்றார்.

டாக்டரிடம் அந்தக் கேள்விக்குப் பிறகு எப்போதும் ஒரு உபதேசம் வரும். கல்யாண வீடுகளில் கேட்காமலே வரும்.

"நூத்தி நாலு," என்றாள் ரோஹிணி.

"ஹெல்மெட், பூட்ஸ், கவசம் எல்லாம் சேர்த்தா?"

"அது தெரியாது, திதி," என்றாள், வங்க மொழியில் அக்கா என்று கூப்பிட்டு.

"எல்லாத்தையும் போட்டுக்கிட்டு ஏறி நின்னு பார்த்துச் சொல்லு. உயரமும் சொல்லு."

அவ்வளவுதான். உபதேசம் வரவில்லை. நூற்றுப் பன்னிரண்டு என்று மறுபடி கூப்பிட்டுச் சொன்னபோது ஷர்பாணி விளக்கினார். மூன்று வேறு விஷயங்களை ரோஹிணிக்கு எல்லோரும் ஒன்றாகக் குழப்பிவிட்டார்கள். என்ஜினைப் பழக்கத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதியவளுக்கு அது சாதுவாக, மெதுவாகத் திருகினாலும் இழுக்கிறதாக இருக்க வேண்டும். வண்டியின் அளவு காலின் நீளத்துக்கு. எடைக்குப் பதில் சொல்ல வேண்டியது, சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங். கடையில் வருகிற பெரும்பாலான வண்டிகளின் ஸ்பிரிங் எழுபது, எழுபத்தைந்து கிலோ ஆளை மனதில் வைத்துச் செய்தது. அவள் உட்கார்ந்தால் அது பாதிக்கு மேல் அமுங்கிவிடும். பிறகு மேடு பள்ளத்துக்கு அதனிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது.

போனை வைத்ததும் ரோஹிணிக்கு ஆபீஸ் ஞாபகம் வந்ததாம். துறைமுகத்தில் நாற்பது டன் இயந்திரம் வந்து இறங்கினால் யாரும் அதைக் குறை சொல்வதில்லை. எந்த கிரேன், எந்தச் சங்கிலி என்றுதான் கேட்பார்கள். தினமும் தான் செய்கிற வேலை அது. தன் விஷயத்தில் மட்டும் அது ஏன் தோன்றவே இல்லை என்று என்னிடம் கேட்டாள்.

கடைசியில் வாங்கியது பழைய வண்டி ஒன்று. இருநூற்று முப்பது சிசி, காற்றில் குளிர்கிற, சாதுவான நாலு ஸ்ட்ரோக் என்ஜின், பெரியவர்களுக்கான முழு அளவு. இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் கெட்டியான ஸ்பிரிங்குகள் பெங்களூரிலிருந்து வந்தன. ஆம்தலா தாண்டி, மூடிக்கிடந்த செங்கல் சூளை மைதானம் ஒன்றில் ஷர்பாணி மாதம் ஒருமுறை வந்து அவளுக்கும் இன்னும் சிலருக்கும் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. முதல் நாள் ஓட்டவே விடவில்லை. முழுக் கவசத்தோடு ரோஹிணியை வண்டியில் ஏற்றி, ஜெய்ராமைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று டேப்பால் அளந்தார். மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கக்கூடாது. ஸ்பிரிங்கின் வளையத்தை இன்னும் கொஞ்சம் முறுக்கி மறுபடி அளந்தார். தன்னைச் சுற்றி இரண்டு பேர் குனிந்து தன் எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, ஒரு கூச்சமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் என்றாள்.

அடுத்த தடவை ஓட்டினாள். மேட்டைத் தாண்டி இறங்கியபோது அந்த இரும்புச் சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள். வரவில்லை. வண்டி ஒருமுறை அமுங்கி, எழுந்து, போய்க்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் இரண்டு தடவை விழவும் செய்தாள். ஒன்று, பிரேக்கைப் பதறிப் பிடித்ததால். இன்னொன்று, போக வேண்டிய இடத்தைப் பார்க்காமல் பள்ளத்தையே பார்த்ததால். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "இது ரெண்டும் என் தப்பு," என்றாள் ஷர்பாணியிடம். அதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது என்று ஜெய்ராம் சொன்னான். எதற்கு என்று அவனுக்குக் கொஞ்சம் யோசித்த பிறகுதான் புரிந்ததாம்.

எங்கள் கட்டடத்தில் எல்லோரும் முதலில் கேட்டது, எடை குறைந்ததா என்பதுதான். குறையவில்லை, தொடை வலுத்ததால் ஒரு கிலோ கூடியிருக்கிறது. மஹாதேவன் ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் கூடப் போகிறார். வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு சூளைச் சுவரின் நிழலில் பேப்பர் படிக்கிறார். என்ஜின் சத்தம் நின்றால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். மைதானத்தின் கோடியில், சூளைச் சாம்பல் கொட்டிக் கொட்டி உயர்ந்த ஒரு குன்று இருக்கிறது. கூடக் கற்கிறவர்கள் அதில் ஏறுகிறார்கள். ரோஹிணி பாதிவரை போய்த் திரும்பிவிடுகிறாள். பயமாக இருக்கிறது என்று யாரிடமும் மறைக்காமல் சொல்கிறாள். மழை முடிந்து சாம்பல் இறுகட்டும், துர்கா பூஜைக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறாள்.