இரண்டாம் பாகத்தில் மணி இல்லை

என் சித்தப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு புகார்தான் எழுதினார். அதை அவருக்காக இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தவள் நான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. புகார் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் பாட்டைப் பற்றியது.

எங்கள் வீடு ஆரணியில், சேவூர் போகிற பக்கம் இருந்தது. அப்பா பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்த்தார். அவருடைய தம்பியான சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். பத்தாவது முடித்த கையோடு பவர்லூம் செட்டுக்குப் போனவர். தகரக் கூரை போட்ட செட் அது. உள்ளே பதினாறு தறிகள். ஒரு தறி ஓடினாலே பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். பதினாறும் ஓடும்போது யாரும் கத்தக்கூட மாட்டார்கள், கையால் ஜாடை காட்டிக்கொள்வார்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க நான் சில தடவை போயிருக்கிறேன். வெளியே வந்த பிறகும் சாலையில் போகிற வண்டிச் சத்தமெல்லாம் கொஞ்ச நேரத்துக்குப் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். அந்த செட்டுக்குள் சித்தப்பா பத்து வருஷம் கழித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை செட்டுக்கு லீவு. அன்று காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, என்னை சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, கோட்டை மைதானத்துப் பக்கம் இருந்த நெட் சென்டருக்குக் கூட்டிப்போவார். ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்த சின்ன இடம். காலேஜ் பையன்கள் ரிசல்ட் பார்க்கவும் அரட்டை அடிக்கவும் வருவார்கள். சித்தப்பா வருவது டிராகன் கேமுக்கு. அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. எங்கள் யார் வாயிலும் அது நுழையாததால் சென்டரில் எல்லோருக்கும் அது டிராகன் கேம்தான். பனி மூடிய மலை, அதன்மேல் கோட்டை, நெருப்பைக் கக்கும் பறவைகள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆடுவார்கள். நான்கு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காத சித்தப்பா, அதில் குதிரை மேல் போகும் வில்லாளி. அவருக்கு வரும் இங்கிலீஷ் அதற்குப் போதும். மீதிக்கு நான் இருந்தேன், மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள்.

விளையாட்டைத் திறந்ததும் முதலில் ஒரு பாட்டு வரும். வார்த்தை கிடையாது, வெறும் வாத்தியம். அடியில் கனமாக ஒரு சுருதி. அதன்மேல் சன்னமாக மணிகள். கோயில் மணி மாதிரி இல்லை. கொலுசு முத்துகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தட்டில் போட்டால் வருமே, அந்த மாதிரி. பிறகு குழல், பிறகு மேளம். பொத்தானை அமுக்கினால் பாட்டு நின்று விளையாட்டு தொடங்கிவிடும். காலேஜ் பையன்கள் உடனே அமுக்கிவிடுவார்கள். சித்தப்பா மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி, கடைசி மேளம் அடங்கும்வரை கை வைக்க மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். மணி கேட்டால்தான் அந்த ஊருக்குள் போன மாதிரி இருக்கிறது என்றார்.

இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று சேதி வந்தது. அதற்காக முதல் பாகத்தை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் எதுவும் கிடையாது. அந்த எட்டு மாதமும் நாங்கள் ஞாயிறு தவறாமல் சென்டருக்குப் போனோம். ரசிகர்கள் எழுதிக்கொள்ளும் பக்கம் ஒன்று இருந்தது. அதை நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும், அவர் கேட்டுக்கொள்வார். குதிரை, வில், புது நாடு பற்றியெல்லாம் எழுதியிருந்தார்கள். ஆனால் அதிகமாக எழுதியது பாட்டைப் பற்றித்தான். இரண்டாம் பாகம் என்று வந்தாலே நல்ல பாட்டைக் கெடுத்துவிடுகிறார்கள், இதிலும் அப்படிச் செய்துவிடாதீர்கள் என்று எங்கிருந்தெல்லாமோ கெஞ்சியிருந்தார்கள். ஒருவர் தன் கல்யாணத்தில் அந்தப் பாட்டைத்தான் போட்டாராம். மணிகளில் மட்டும் கை வைக்காதீர்கள் என்பதுதான் எல்லோரும் கேட்டது. ஒருநாள் விளையாட்டைச் செய்தவர்களே பதில் எழுதினார்கள்: பாட்டு பெரிதாகும், நிறைய வாத்தியங்கள் சேரும், ஆனால் தொடக்கம் அதே மணிகள்தான். சித்தப்பா அதை என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். வீடு திரும்பும் வழியில் எனக்குக் குல்ஃபி வாங்கிக் கொடுத்தார்.

அதே எட்டு மாதத்தில் வீட்டில் வேறு சில விஷயங்கள் நடந்தன. சித்தப்பா டிவி பார்க்க உட்கார்ந்தால் சத்தத்தை ஏற்றுவார், அம்மா வந்து குறைப்பாள், அவர் மறுபடி ஏற்றுவார். சந்தவாசலில் அவருக்கு ஒரு பெண் பார்க்கப் போனோம். பெண் ஒல்லியாக, அழகாக இருந்தாள். தலையைக் குனிந்தபடி, எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீர்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டாள். அந்தக் காலத்தில், அந்த ஊரில், ஒரு பெண் அப்படிக் கேட்டதே பெரிய தைரியம். சித்தப்பா சிரித்துக்கொண்டே "ஆமாங்க" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வெளியே ஓடிவந்துவிட்டேன். மாப்பிள்ளைக்குப் புத்தி கொஞ்சம் மந்தமோ என்று அவர்கள் தரகரிடம் கேட்டனுப்பினார்கள். அப்பா சித்தப்பாவைத் திட்டித் தீர்த்தார். எந்நேரமும் கேம் நினைப்பு என்றார். அம்மா, எது சொன்னாலும் இவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை என்றாள். அந்த வார்த்தையை எல்லோரும் எப்படிச் சொல்வார்களோ அப்படித்தான் அவளும் சொன்னாள்.

இரண்டாம் பாகம் வந்தது. சென்டர்காரர் ஒரு கம்ப்யூட்டரை எங்களுக்காகவே ஒதுக்கி வைத்திருந்தார். சித்தப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"மணிய எடுத்துட்டானுங்க பாப்பா."

நான் மாட்டிக் கேட்டேன். முதல் நொடியிலேயே மணிகள் விழுந்தன. பழையதைவிடத் தெளிவாக இருந்ததாகக்கூட எனக்குப் பட்டது. இருக்கிறதே சித்தப்பா என்றேன். அவர் என் தலையைத் தடவி, பழைய ஞாபகத்தில் உனக்கு அப்படிக் கேட்கிறது என்றார். அவர் வருத்தப்படக் கூடாதென்று நான் பொய் சொல்வதாக நினைத்திருக்க வேண்டும்.

அன்றுதான் புகார் எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் தட்டினேன். மணி வரும் என்று சொன்னீர்கள், வரவில்லை. எட்டு மாதம் நம்பிக் காத்திருந்தோம். எங்களை ஏமாற்றிவிட்டீர்கள். இதை எழுதும்போதும் பக்கத்தில் கழற்றிவைத்த ஹெட்போனிலிருந்து மணிச் சத்தம் மெல்ல வந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்பது அவருக்கு ஏன் கேட்கவில்லை என்று நான் யோசிக்கவில்லை. பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால் பிடித்ததுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு திறந்து பார்த்தால் பதில்கள் குவிந்திருந்தன. ஒன்றில்கூட அனுதாபம் இல்லை. எந்த விளையாட்டைக் கேட்டு எழுதினாய் என்று ஒருவர். முதலில் ஸ்பீக்கரை ரிப்பேர் செய் என்று இன்னொருவர். ஒருவன் ஒரே வரியில் முடித்திருந்தான்: உனக்கென்ன காது செவிடா? அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

என்ன எழுதியிருக்கிறார்கள் என்று சித்தப்பா கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். எல்லோரும் நீங்கள் சொல்வதுதான் சரி என்கிறார்கள், மணி இல்லாதது அவர்களுக்கும் வருத்தம்தான் என்றேன். அவர் எழுந்து நின்றேவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. யாரிடமும் போய்ப் பேசாதவர், நேராக சென்டர்காரரிடம் போய், உலகம் பூராவும் நம்ம பக்கம்தான் என்று சத்தமாகச் சொன்னார். சில மாதங்களாகவே அவர் எல்லாவற்றையும் சத்தமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்டர்காரர் குறும்புப் பேர்வழி. கெட்டவர் இல்லை. பழைய பாட்டு என் சிஸ்டத்தில் இருக்கிறது, இரண்டையும் வைத்துப் பார்த்துவிடலாம் என்று சித்தப்பாவை உட்காரவைத்தார். காலேஜ் பையன்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு அவர் போட்டது புதுப் பாட்டின் தொடக்கத்தை. திரையில் பெயர் தெரிந்தது. நானும் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். என்ன நடக்கிறது பார்ப்போம் என்ற ஆசையில் சும்மா இருந்தேன்.

சித்தப்பா கண்ணை மூடினார். அவர் முகம் இளகியது. காற்றில் ஒவ்வொரு மணியாக விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதான். கேளு, மணி வுழுதா? இதத்தான் எடுத்துட்டானுங்க."

சென்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கண்ணைத் திறந்து, என்னவென்று புரியாமல் எங்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். சென்டர்காரர் அவர் ஹெட்போனை விலக்கி, இது புதுசுப்பா, பழசில்லை என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சித்தப்பா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவங்க இன்னா எழுதிகிறாங்க? நெசமா படி."

நான் மெதுவாகப் படித்தேன். அவர் காதைக் கிட்டே கொண்டுவந்து, சத்தமாகப் படி என்றார். மறுபடி படித்தேன். இன்னும் சத்தமாக என்றார். கடைசியில், அந்தச் சின்ன அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, உனக்கென்ன காது செவிடா என்று என் சித்தப்பாவைப் பார்த்து நான் கத்தினேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் ஹெட்போனை எடுத்து இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டை முழுவதும் கேட்டார். கண்ணை மூடவில்லை. முடிந்ததும் ஒயரை ஒழுங்காகச் சுற்றிவைத்தார். போகலாம் வா என்றார்.

அதற்குப் பிறகு அவர் சென்டருக்குப் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் படுத்தே கிடந்தார். என் பொய் தெரிந்து கோபமாக இருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. சமாதானம் பண்ண நினைத்து, அவர் செட்டிலிருந்து வரும்போது தெருவில் பின்னாலிருந்து சித்தப்பா என்று கூப்பிட்டேன். திரும்பாமல் போனார். இன்னொரு நாள் மார்க்கெட்டில் கூப்பிட்டேன். காய் பொறுக்கிக்கொண்டே இருந்தார். ஒருநாள் மாடிப்படியில் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போயேவிட்டார். எனக்கும் ரோஷம் வந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த வருஷம் அவர் செட்டுப் பக்கமே ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெண் பார்ப்பதை அப்பா அதற்கு முன்பே விட்டிருந்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார், சாப்பிடுவார், போவார். நாங்கள் இருவரும் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி.

வேலூரில் நான் காலேஜ் படிக்கும்போது அப்பா போன் பண்ணி, சித்தப்பாவை அங்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன், நீ கூடப் போ என்றார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு கோடு கொஞ்ச தூரம் நேராக வந்து பிறகு பள்ளத்தில் இறங்கியது. தறிச் சத்தத்தில் சன்னமான ஓசைகள்தான் முதலில் போகும், அப்புறம் ஒவ்வொன்றாகப் போகும் என்றார். ஆரம்பத்திலேயே அந்த வேலையை விட்டிருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றும் சொன்னார். எப்போதிலிருந்து இப்படி என்று அவர் கேட்டதை நான் தாளில் எழுதிக் காட்டினேன். கேம் பாட்டில் மணி போனதிலிருந்து என்றார் சித்தப்பா. டாக்டருக்குப் புரியவில்லை. நான்தான் வருஷத்தைச் சொன்னேன்.

அன்றே தெரிந்துவிட்டதா, பிறகு ஏன் அந்த செட்டுக்கே போனீர்கள் என்று வெளியே வந்ததும் எழுதிக் கேட்டேன். வேறு என்ன வேலை தெரியும் என்றார்.

ஆரணி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். எனக்குள் இத்தனை வருஷம் இருந்ததையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அந்தப் பொய்க்காக அப்புறம் என்மேல் ரொம்ப நாள் கோபமாக இருந்தீர்கள் இல்லையா என்று எழுதி நீட்டினேன். அவர் அதைப் படித்தார். நம்பாதவர் போலத் திரும்பவும் படித்தார்.

"நான் எதுக்குக் கோச்சிக்கப் போறேன் பாப்பா? நான் சென்டருக்கு வராம நின்னப்புறம், நீதான் என்னைக் கூப்டறதையே வுட்டுட்ட."