கயிற்றை விட்டேன்

மரக்காணத்தில் எங்களுக்குச் சின்ன உப்பளம் இருக்கிறது. போன கோடையில் திடீரென்று இடியோடு மழை வந்தது. உப்புக் குவியல் கரையாமல் இருக்க, அப்பா அதன் மேல் ஏறித் தார்ப்பாய் விரித்தார். நான் கீழே கயிற்றைப் பிடித்திருந்தேன்.

“எறங்குப்பா, இடி வுழப் போவுது.”

“உப்பு போனா வருசம் பூரா இன்னாடா துண்றது? கயித்த இழுத்துப் புடி.”

சொன்னால் கேட்க மாட்டார். வேண்டுமென்றே கயிற்றை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். தார்ப்பாய் பறந்தது. என்னை அடிக்கத் துரத்திக்கொண்டு அவரும் உள்ளே வந்தார். அந்த நேரம் குவியலை ஒட்டியிருந்த பனைமரத்தில் இடி விழுந்தது. ஓங்கிய கையை என் தோளில் வைத்துக்கொண்டார். பாதி உப்பு கரைந்துபோனது.

இப்போதெல்லாம் இடி கேட்டால் முதலில் அவரை உள்ளே இழுத்து வருகிறேன். “உப்பு கரையுதுடா” என்று திட்டுவார்.

“அது அடுத்த வெயில்ல வெளஞ்சிடும். நீ வெளய மாட்ட” என்பேன்.